கேத்தல் கப்டனின் மெட்டு

ருஷ்திக்குப் பேட்டி கொடுப்பதென்றால் கொள்ளை ஆசை. கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டான். "எனக்குப் பேசவெல்லாம் வராது" என்று தொடங்குவான். தொடங்கினால் முக்கால் மணித்தியாலம் நிறுத்த மாட்டான். தெஹிவளையில் அவனுடைய ஒலிப்பதிவு அறையில், கீபோர்டுக்கு மேலே நான்கு தட்டு நிறைய பிளாஸ்டிக் ரோபோக்கள், முகமூடி வீரர்கள், உள்ளங்கை அளவில் ஒரு விண்கலம். வருகிறவர்கள் முதலில் அந்தத் தட்டுகளைத்தான் படம் எடுப்பார்கள். அவனும் கமெராவுக்கு வாகாகக் கதிரையை அதன் கீழேயே இழுத்துப் போட்டுக்கொள்வான். முப்பத்தைந்து வயதாகியும் நெஞ்சில் கார்ட்டூன் போட்ட டீசேர்ட்டைத் தவிர வேறு எதையும் அவன் மாட்டி யாரும் பார்த்ததில்லை.

கேள்வியும் எப்போதும் ஒன்றுதான். சந்திரனுக்குப் போக ஆசைப்பட்ட ஓர் ஓட்டோவைப் பற்றி இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கார்ட்டூன் படம் வந்தது. அதற்கு இசை போட்டவன் அவன். படத்தைப் பார்க்காதவர்களுக்கும் அதன் மெட்டுத் தெரியும். ஏழு சுரம் படியேறுவதுபோல் ஏறும், அரை மூச்சு நேரம் ஒரு மௌனம், நாக்கைச் சொடுக்கியதுபோல ஒரு 'டக்', பிறகு சறுக்கி இறங்கி, முடியாமலே நின்றுவிடும். பள்ளிப் பிள்ளைகள் அதை விசிலடித்தார்கள். கல்யாண வீட்டு பேண்ட்காரர்கள் வாசித்தார்கள். அந்த அரை மூச்சு மௌனத்தைப் பற்றி மட்டும் ஒருவர் பத்திரிகையில் அரைப் பக்கம் எழுதினார். முடிக்காமல் நிறுத்த ஒரு துணிச்சல் வேண்டும் என்று இன்னொருவர் எழுதினார். இது எங்கிருந்து வந்தது என்று எல்லோரும் கேட்டார்கள்.

அவனுடைய பதிலும் ஒன்றுதான். சின்ன வயதில் அலவத்துகொடையில் எங்கள் வீட்டு டீவியில் ஒரு பழைய கார்ட்டூன் போகும், ஓர் எலி தேத்தண்ணி கொதிக்கவைக்கிற கேத்தலுக்குள் ஏறி உட்கார்ந்து பறக்கும், நாங்கள் அதைக் கேத்தல் கப்டன் என்போம், அதன் பாட்டு என் தலையில் தங்கிவிட்டது, நான் அதற்கு ஒரு சலாம் வைத்தேன், அவ்வளவுதான் என்பான். இவ்வளவு பெரிய ஆளுக்கு இவ்வளவு பணிவா என்று சனம் உருகும். அதில் பொய் ஏதும் இல்லை. அந்தச் சனிக்கிழமை காலைவரை அவன் அப்படித்தான் நம்பியிருந்தான். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்னால் அவனைத் திட்ட வேண்டி வரும்போது அளவாகத் திட்டலாம்.

அந்தச் சனிக்கிழமை கண்டியில், ஏரிக்கு மேலே ஒரு மண்டபத்தில், கார்ட்டூன் பைத்தியங்களின் கூட்டம் நடந்தது. பேராதனைப் பல்கலைக்கழகப் பிள்ளைகள் சிலர் சேர்ந்து வருடா வருடம் நடத்துவது. அட்டைப் பெட்டியை வெட்டி ரோபோவாக வந்தவன், வெள்ளி நிறம் பூசிய முகத்தோடு பஸ்ஸில் வந்து இறங்கியவள், வாள் என்று சொல்லிக் குடைக்கம்பியை ஏந்தியவன் என்று மண்டபம் முழுக்கக் கூத்து. ருஷ்திதான் சிறப்பு விருந்தினன். ஐந்தாவது வரிசையில் அவனுடைய ராத்தா பாயிஸா உட்கார்ந்திருந்தாள். ஆறு வயது மூத்தவள். தம்பியின் எந்த மேடைக்கும் அதுவரை வந்தவளில்லை. அவள் அலவத்துகொடையில் வீட்டு முன்னறையில் சின்னப் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுக்கிறவள். பாட்டுக் கூட்டங்களுக்கு அவள் வருவாள் என்று யாரும் எதிர்பார்க்கவுமில்லை. மகள் இனாயா ஒற்றைக்காலில் நின்றதால் வந்திருந்தாள். பதின்மூன்று வயது இனாயாவுக்கு உலகத்தில் மாமாவைப் போல ஓர் ஆள் கிடையாது. அன்று அவள் கேத்தல் கப்டன். ஸ்கார்ஃபின் மேல் அட்டையில் வெட்டிய எலிக்காது இரண்டு, அதற்கு மேல் வீட்டுக் கேத்தலின் அலுமினிய மூடி.

மேடையில் ருஷ்தியோடு பேசிக்கொண்டிருந்தவன் சஞ்சயன், பொறியியல் படிக்கிறவன், பழைய வீடியோ நாடாக்களைத் தேடித் தேடிச் சேர்க்கிறவன். அரை மணித்தியாலப் பேச்சு முடிந்ததும் அவன் முகத்தில் ஒரு கள்ளச் சிரிப்பு வந்தது.

"அண்ணை, உங்களுக்கு ஒரு சாமான் வைச்சிருக்கிறன்" என்றான். "தெல்தெனியாவில ஒரு வீட்டு அலுமாரிக்குள்ள கிடந்த நாடா. பூஞ்சணம் துடைச்சு எடுக்கவே மூண்டு மாசம் போச்சு. உங்கட கேத்தல் கப்டன், சத்தத்தோட."

மண்டபம் ஆரவாரித்தது. ருஷ்திக்குக் கண் கலங்கியே விட்டது. விளக்கை அணைத்தார்கள். திரையில் கோடு கோடாக மழை பெய்து, அதற்குள்ளிருந்து கேத்தல் எழும்பியது. அதே எலி. அதே வளைந்த வால். முப்பது வருடத்துக்குப் பிறகு பார்க்கிறான். பாட்டு வந்தது.

அது அவனுடைய பாட்டு இல்லை. கிட்டத்தட்டவும் இல்லை. ஏதோ பொலிஸ் அணிவகுப்புக்கு அடிக்கிறமாதிரி டம் டம் என்று ஒரு மேளம், மேலே கீச்சென்று ஒரு குழல், ஒரு சிங்களக் குரல் எலியின் பெயரைக் கத்தியது. ஏழு சுரமும் இல்லை, மௌனமும் இல்லை, டக்கும் இல்லை. இந்தச் சத்தத்தை அவன் வாழ்நாளில் கேட்டதே கிடையாது.

கேட்டதே கிடையாது என்று மனதுக்குள் சொன்ன அந்த நொடியில்தான் வாப்பாவின் சட்டைப் பை ஞாபகத்துக்கு வந்தது.

வாப்பா மிளகும் கராம்பும் வாங்கி விற்கிற வியாபாரி. கடுமையான மனிதர் இல்லை. டீவியைச் செய்திக்கும் கிரிக்கெட்டுக்கும் என்று வாங்கினார். வாத்திய இசை வீட்டில் வேண்டாம் என்பது மட்டும் அவருடைய கொள்கை. எலி பறப்பதில் அவருக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் கார்ட்டூன் என்றால் முதலிலிருந்து கடைசிவரை இசைதான், எந்த இடத்தில் சத்தத்தைக் குறைப்பது, எந்த இடத்தில் கூட்டுவது? யோசித்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தார். சத்தத்தைச் சுழியத்தில் வைத்து, குமிழையே பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இரவு எட்டு மணிச் செய்திக்குத்தான் அது மறுபடி டீவிக்கு வரும். பகல் முழுக்க அவருடைய நெஞ்சில் ஒரு புடைப்பாக இருக்கும்.

பன்னிரண்டு வயது பாயிஸாவுக்கு மூளைக்குப் பஞ்சமில்லை. வாத்தியம்தானே கூடாது, வாய் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே என்றாள். அன்றிலிருந்து எலியின் பேச்சு, கேத்தல் கொதிக்கிற சத்தம், காற்று, இடி எல்லாம் அவள் வாயிலிருந்து வந்தது. பாட்டும் வந்தது. ஏழு சுரம் ஏறுவாள். அவளுக்கு அந்த வயதில் இழுப்பு இருந்தது. ஏறி முடித்ததும் மூச்சு வாங்குவாள். பிறகு நாக்கைச் சொடுக்குவாள், சறுக்கி இறங்குவாள், இறங்கி முடிக்கிறதற்குள் பள்ளிவாசலில் அந்தித் தொழுகைக்கு மஃரிப் பாங்கு சொல்வார்கள், உம்மா வந்து டீவியை நிறுத்துவார். ஆறு வயது ருஷ்தி அவள் மடியில் சாய்ந்துகொண்டு, கண்ணைத் திரையில் வைத்துக்கொண்டு, இவ்வளவும் கேத்தலிலிருந்து வருகிறதென்று நினைத்துக்கொண்டிருந்தான்.

அரைப் பக்கம் எழுதினார்களே, அந்த மௌனம், ஒரு பிள்ளையின் இழுப்பு. அந்தத் துணிச்சலான முடிவு, பாங்கு.

விளக்குப் போட்டார்கள். மண்டபத்தில் ஆளுக்கு ஆள் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். சஞ்சயன்தான் முதலில் விளங்கிக்கொண்டவன்போல எழும்பினான். விளங்கியதோ தலைகீழாக.

"அண்ணை, இதில உங்கட மெட்டே இல்லையே! அப்ப அது முழுக்க உங்கட சொந்தமா? இவ்வளவு நாளும் அந்தப் பெருமையைத் தூக்கிக் கார்ட்டூனுக்குக் குடுத்துக்கொண்டு இருந்தனீங்களா?"

ருஷ்தியின் கையில் ஒலிவாங்கி இருந்தது. ஐந்தாவது வரிசையில் ராத்தாவின் முகம் தெரிந்தது. அவள் இனாயாவின் தலையில் சரிந்த மூடியை நேராக்கிக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரியவில்லை, யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஒன்றும் சொல்லாமல் சிரித்துக்கூடத் தப்பியிருக்கலாம்.

"ஆமா" என்றான் ருஷ்தி. "என்னுடையதுதான். சொல்ல வெட்கமா இருந்தது."

கூரை பெயர்கிற மாதிரிக் கைதட்டினார்கள். அட்டை ரோபோவின் ஒரு கை கழன்று விழுந்தது. இனாயா கதிரையில் ஏறி நின்று தட்டினாள். பாயிஸாவும் தட்டினாள், மற்றவர்களைப் போலவே, மெதுவாக. ருஷ்தி குனிந்து சலாம் வைத்தான். குனிந்த தலையை நிமிர்த்த அவனுக்குப் பிடிக்கவில்லை. காது மடல் இரண்டும் எரிந்தன. கள்ளன் என்று யாரோ நெற்றியில் எழுதிவிட்டதுபோல் இருந்தது. அதைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் ஐந்தாவது வரிசையில் இருந்தாள்.

பின்னேரம் அவர்களைத் தன் காரிலேயே வீட்டுக்குக் கூட்டிப்போனான். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் வாகனங்கள் ஊர்ந்தன. போகிற வழியெல்லாம் வசனம் கோத்துக்கொண்டு போனான். ராத்தா, எனக்கு இண்டக்கித்தான் ஞாபகம் வந்தது என்று தொடங்கலாம். அப்படியென்றால் ஞாபகம் வந்த பிறகு ஏன் அப்படிச் சொன்னாய் என்று அவள் கேட்பாள். வேறு மாதிரித் தொடங்கலாம். அக்குறணை வந்துவிட்டது, தொடக்கம்தான் கிடைக்கவில்லை. ராத்தா முன் சீட்டில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வீதியைப் பார்த்தபடி இருந்தாள்.

பின்னாலிருந்து இனாயா தலையை நீட்டினாள். எலிக்காது ருஷ்தியின் தோளில் உரசியது.

"உம்மா, நீங்க சின்னத்துல என்னய தூங்க வெக்கப் படிச்ச பாட்டு, அது மாமா செஞ்சதா? நான் இவ்வளவு நாளும் அது கார்ட்டூன்ட பாட்டுண்டு நெனச்சேன்."

ருஷ்தி ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தான்.

"ஓ" என்றாள் பாயிஸா, வீதியிலிருந்து கண்ணை எடுக்காமல். "மாமாடதான்."

அவன் வாயைத் திறக்கவில்லை. முன்னால் போன லொறியின் பின்பக்கத்தை உற்றுப் பார்த்துக்கொண்டு ஓட்டினான். காலையில் மேடையில் செய்ததற்காவது கைதட்டல் என்று ஒரு சாட்டு இருந்தது; இதற்கு அதுவும் இல்லை. ஒரு தாய் தன் பிள்ளைக்குப் படித்த தாலாட்டையும் அவள் வாயாலேயே அவனுக்கு எழுதி வாங்கியாகிவிட்டது. எவ்வளவு வெட்கம் கெட்டவன் நான் என்று அவனுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது. அந்த அருவருப்போடு அலவத்துகொடைவரை பேசாமலேதான் வந்தான்.

வீட்டில் வேறு யாரும் இல்லை. பாயிஸாவின் கணவர் முனாஸ் கட்டாரில். இனாயா முன்னறையில் உட்கார்ந்து அன்றைய படங்களைக் கூட்டாளிகளுக்கு அனுப்பத் தொடங்கினாள். மூடியைக் கழற்ற மனமில்லை. பாயிஸா குசினிக்குப் போய் தேத்தண்ணிக்கு அடுப்பை மூட்டினாள். ருஷ்தி பின்னாலேயே போய் வாசல் நிலையில் சாய்ந்து நின்றான்.

"ராத்தா, அந்த மெட்டு..."

"தெரியும்" என்றாள் அவள்.

இரண்டு வருடத்துக்கு முன் இனாயா கைத்தொலைபேசியில் அதைப் போட்டபோது அவள் தேங்காய் திருவிக்கொண்டிருந்தாளாம். கை அப்படியே நின்றுவிட்டதாம். யாரிடமும் சொல்லவில்லை, முனாஸிடமும்கூட. கேட்கக் கேட்கச் சந்தோசமாக இருந்ததாம், இந்தக் குசினிக்குள் நின்று தனியாகச் சிரித்தாளாம். பேட்டிகளில் அவன் கார்ட்டூன் கார்ட்டூன் என்று சொல்லும்போது முதலில் கொஞ்சம் குறுகுறுத்ததாம். பிறகுதான் விளங்கியதாம்.

"ஓதிக்குடுக்கிற பொம்புள நான். என்ட பேர வெளிய சென்னா ஊருல என்னென்ன கதப்பாங்கண்டு ஒனக்குத் தெரியும். அதுக்குத்தான் நீ கார்ட்டூன்ட தலையில போட்டீக்கிறண்டு நெனச்சேன். என்ட தம்பி என்னய காப்பாத்துறான்டு. ஒவ்வொரு தொழுகையிலயும் ஒனக்குத் துஆ கேட்டேன் ருஷ்தி."

கேத்தல் கொதித்து மூடி தடதடத்தது. அவள் அதை இறக்கி வைத்தாள். ருஷ்தி அவளுடைய முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றான். இதைவிட வசதியான ஒரு வழியை யாரும் யாருக்கும் திறந்துவிட முடியாது. ஓம் என்று தலையை ஆட்டினால் போதும். தங்கமான தம்பி. மேடையில் சொன்னதும்கூட ராத்தாவைக் காப்பாற்றத்தான் என்று முடித்துக்கொள்ளலாம். ஒரே நாளில் மூன்றாவது தடவையாக, தன்னுடையதல்லாத ஒன்றை யாரோ அவனிடம் நீட்டுகிறார்கள்.

"இல்ல ராத்தா" என்றான். "நான் ஒங்கள காப்பாத்த இல்ல. எனக்கு ஒங்கட ஞாபகமே இருக்க இல்ல. அது டீவியில வந்த சத்தம்டுதான் நெனச்சேன். நீங்க அங்க ஈந்ததே மறந்து பெய்த்து."

அவள் திரும்பினாள். அடிபட்டவர்கள் முதலில் வலியைத் தேடுவதுபோல அவன் முகத்தில் எதையோ தேடினாள்.

"அப்ப இண்டக்கி ஸ்டேஜ்ல?"

"அந்தப் படத்தப் பாத்ததும் ஞாபகம் வந்திச்சி. வாப்பாட சட்டப்பை. எல்லாம்."

"ஞாபகம் வந்த பொறகா என்டதுண்டு சென்னாய்?"

"ஓ" என்று தலையை ஆட்டினான்.

பாயிஸா இரண்டு கோப்பையை எடுத்துத் தேத்தண்ணியை ஊற்றி, சீனி போட்டு, ஒன்றை அவன் பக்கமாகத் தள்ளினாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். அந்தச் சீனியைத்தான் தாங்க முடியவில்லை. அவனுக்கு மூன்று கரண்டி வேண்டும் என்று அவள் மறந்திருக்கவில்லை. ருஷ்தி அழுதான், வாயைப் பொத்திக்கொண்டு, முன்னறைக்குக் கேட்காமல். அழுகை அடங்கியதும் கைத்தொலைபேசியை எடுத்தான். இப்போதே ஒரு வீடியோ போடுகிறேன், எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன், சஞ்சயனின் கார்ட்டூன் குழுவில் இருக்கிற பத்தாயிரம் பேரும் இரவுக்குள் பார்த்துவிடுவார்கள் என்றான். சொல்லும்போதே முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்துவிட்டது. மன்னிப்புக் கேட்பதற்கும் கமெராவைத்தான் தேடுகிறான் பாருங்கள்.

அவள் அந்தத் தொலைபேசியை வாங்கித் தட்டின்மேல் கவிழ்த்து வைத்தாள்.

"வெளிய, அது ஒன்டதில்லண்டு மட்டும் செல்லு. என்ட பேரு வேணாம். அத நாளைக்கிச் செல்லலாம், அவசரமில்ல" என்றாள். பிறகு முன்னறைப் பக்கம் கண்ணைக் காட்டினாள். "அந்தப் புள்ளக்கி இப்பச் செல்லு. பேரோட செல்லு."

பத்தாயிரம் பேருக்குச் சொல்வது ஒரு பெரிய காரியமே இல்லை. அவர்கள் அதற்கும் கைதட்டுவார்கள், என்ன நேர்மை என்று எழுதுவார்கள். முன்னறையில் இருப்பது ஒரே ஓர் ஆள். அவள் தன் மாமாவை வைத்திருக்கும் இடத்துக்கு அவளுடைய வாப்பாவைக்கூட ஏற்றியதில்லை. நாளைக்குச் சொன்னால் ஆகாதா ராத்தா என்று கேட்க வாயெடுத்தான். ராத்தாவின் முகத்தைப் பார்த்தான், கேட்கவில்லை.

பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு சொல்லத் தொடங்கினார்கள். பாயிஸா ஸ்கார்ஃபை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு அங்கேயே நின்றாள், அவன் போகிறானா என்று பார்ப்பதற்காக.

அவன் போனான். இனாயாவுக்கு எதிரில் தரையிலேயே உட்கார்ந்தான். அவள் சிரித்துக்கொண்டே தொலைபேசியைக் காட்டினாள். மேடையில் அவன் குனிந்து சலாம் வைக்கிற படம், கீழே வரிசையாக இதயங்கள். பாங்கு முடியும்வரை காத்திருந்தான். முடிந்ததும் சொன்னான். டீவிக் குமிழ், மூத்தப்பாவின் சட்டைப் பை, அவளுடைய உம்மாவின் இழுப்பு, மூச்சு வாங்கிய இடம், ஒன்றையும் விடாமல் சொன்னான். அழகாகச் சொல்லக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் சொன்னான். அந்த மெட்டு ஒங்க உம்மாட, என்ட இல்ல, எனக்குத் தெரிஞ்சும் பொய் சென்னேன் மகள் என்று முடித்தான்.

இனாயா முதலில் அவனைப் பார்க்கவில்லை. குசினி வாசலில் நின்ற உம்மாவைப் பார்த்தாள், புதிதாக ஒருவரைப் பார்ப்பதுபோல நெடுநேரம் பார்த்தாள். பிறகுதான் அவன் பக்கம் திரும்பினாள்.

"தெரிஞ்சிட்டுதானே மாமா. ஏன் அப்பிடி சென்னீங்க?"

காரில் கோத்த வசனங்களில் ஒன்றும் உதவிக்கு வரவில்லை. உண்மை மட்டும்தான் இருந்தது. அது அவ்வளவு சின்னதாக இருக்கும் என்று அவன் நினைத்திருக்கவில்லை.

"எல்லாரும் கைதட்டத் தயாரா ஈந்தாங்க" என்றான்.

இனாயா கையை உயர்த்தித் தலையிலிருந்த கேத்தல் மூடியைக் கழற்றி, அவனுக்கும் தனக்கும் நடுவில் தரையில் வைத்தாள்.

"நானும்தானே தட்டினேன்" என்றாள்.